காலை 7 மணிக்கு ஃபேக்டரி, அதிகாலை 5 மணி வரை கிட்டார்: யார் இந்த வெஸ் மான்ட்கோமரி?

காலை 7 மணி முதல் மதியம் 3 மணி வரை ரேடியோ தொழிற்சாலையில் வேலை. இரவு 9 மணி முதல் 2 மணி வரை ஒரு பாரில் கிட்டார் வாசிப்பு. அங்கிருந்து கிளம்பி, 2.30 மணி முதல் அதிகாலை 5 மணி வரை இன்னொரு கிளப்பில் கிட்டார். மறுபடியும் காலை 7 மணிக்கு ஃபேக்டரி வாசல்.

1950-களில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் இப்படி ஓடிக்கொண்டிருந்தவர்தான் ஜான் லெஸ்லி மான்ட்கோமரி. உலகம் அவரை வெஸ் மான்ட்கோமரி என்று அழைக்கிறது. இன்றைக்கு ஜாஸ் கிட்டார் கற்றுக்கொள்ளும் யாரும் அவரைக் கேட்காமல் தாண்டிப்போக முடியாது.

ஆனா, அவருடைய சிறந்த வாசிப்பைப் பல வருடங்கள் நேரில் கேட்டவர்கள் உள்ளூர் பார்களுக்கு வந்த சில பேர் மட்டுமே. கூட்டமே இல்லாத ஒரு இசையை அவர் ஏன் விடவில்லை? பிற்பாடு கூட்டம் வந்தபோது என்ன நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

20 வயதில் தொடங்கிய கிட்டார்

வெஸ் பிறந்தது 1923 மார்ச் 6, இண்டியானாபொலிஸில். அண்ணன் மங்க் பேஸ் வாசிப்பவர். தம்பி படி பியானோவும் வைப்ரஃபோனும் வாசிப்பவர். வீட்டில் இசை இருந்தது, ஆனால் வெஸ்ஸுக்கு முறையான பயிற்சி எதுவும் கிடைக்கவில்லை. கடைசி வரை அவர் நொட்டேஷன் பார்த்து வாசிக்கக் கற்றுக்கொள்ளவே இல்லை. எல்லாமே காதால் கேட்டுப் பிடித்ததுதான்.

சிறுவயதில் அண்ணன் வாங்கிக்கொடுத்த நான்கு கம்பி கிட்டாரை வாசித்திருக்கிறார். ஆனால், ஆறு கம்பி கிட்டாரை அவர் கையில் எடுத்தது கிட்டத்தட்ட 20 வயதில், கல்யாணமான புதிதில். இசைக் கலைஞர்களைப் பொறுத்தவரை அது ரொம்பவே தாமதம்.

அதற்குக் காரணம் ஒரு இசைத்தட்டு. சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞரின் வாசிப்பு அதில் இருந்தது.

யார் இந்த சார்லி கிறிஸ்டியன்?

அதுவரை பெரிய பேண்டுகளில் கிட்டாருக்கு வேலை, பின்னால் உட்கார்ந்து தாளம் கொடுப்பதுதான். டிரம்பெட், சாக்ஸஃபோன் சத்தத்துக்கு நடுவே கிட்டாரின் ஒலி யாருக்கும் கேட்காது.

1939-ல் பென்னி குட்மேன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன், எலெக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப்ளிஃபையரில் இணைத்து சாக்ஸஃபோனுக்குச் சமமாக முன்னால் கொண்டுவந்தார். 1942-ல் 25 வயதிலேயே காசநோயால் இறந்துபோனார்.

அவர் விட்டுப்போன ரெக்கார்டுகளைத்தான் வெஸ் திரும்பத் திரும்பப் போட்டு, ஒவ்வொரு ஸ்வரமாகக் கேட்டு மனப்பாடம் செய்தார். சில மாதங்களிலேயே உள்ளூர் கிளப் ஒன்றில் வேலை கிடைத்தது. சார்லி கிறிஸ்டியனின் சோலோக்களை அச்சு அசலாக வாசிப்பார், வேறெதுவும் தெரியாததால் மேடையை விட்டு இறங்கிவிடுவார் என்று அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லப்படுகிறது.

கட்டை விரல் ரகசியம்

கிட்டார் வாசிப்பவர்கள் பெரும்பாலும் பிக் எனப்படும் சின்னத் தகட்டால் கம்பியை மீட்டுவார்கள். வெஸ் பிக் இல்லாமல் வலது கை கட்டை விரலின் சதைப்பகுதியால் மீட்டினார்.

இதற்குப் பின்னால் பெரிய இசைக் கோட்பாடு எதுவும் இல்லை. வேலை முடிந்து வந்து இரவில்தான் பயிற்சி செய்ய முடியும். ஆம்ப்ளிஃபையரில் பிக் போட்டு வாசித்தால் வீட்டுக்கும் தொந்தரவு, அக்கம்பக்கத்துக்கும் தொந்தரவு. சத்தத்தைக் குறைக்க விரலால் மீட்டத் தொடங்கினார். அதில் வந்த மென்மையான, கனமான ஒலி பிடித்துப்போக, அதுவே அவருடைய அடையாளமாகிவிட்டது.

இன்னொரு அடையாளம், ஆக்டேவ். நம்ம ஊர் சங்கீதத்தில் கீழ் ஸட்ஜமும் மேல் ஸட்ஜமும் இருக்கிறதல்லவா? அதுபோல ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயிகளில் ஒரே நேரத்தில் ஒலிக்க விடுவது. அதற்கு இரண்டு கம்பிகளை அழுத்த வேண்டும், நடுவில் இருக்கும் கம்பி ஒலிக்காமல் விரலாலேயே அடக்க வேண்டும். மெதுவாகச் செய்யவே கஷ்டமான இதை, வெஸ் வேகமான பாட்டிலும் சர்வசாதாரணமாகச் செய்தார்.

அவருடைய சோலோக்கள் பெரும்பாலும் மாடிப்படி மாதிரி ஏறும். முதலில் ஒற்றை ஸ்வரங்கள். அடுத்து ஆக்டேவ். கடைசியில் முழு கார்டுகள். கேட்பவருக்கு டெக்னிக் எதுவும் தெரியாவிட்டாலும், இசை படிப்படியாகப் பெரிதாகிக்கொண்டே போவது மட்டும் புரிந்துவிடும்.

ஊரிலேயே தங்கியது ஏன்?

1948 முதல் 1950 வரை லயனல் ஹாம்ப்டனின் பெரிய பேண்டில் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றினார். வெஸ்ஸுக்கு விமானப் பயணம் என்றால் பயம். முடிந்தவரை சாலை வழியாகவே போனார். குடும்பத்தைப் பிரிந்திருப்பதும் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டே வருடத்தில் இண்டியானாபொலிஸுக்குத் திரும்பிவிட்டார்.

அந்தச் சமயத்தில் ஜாஸ் இசைக்கே காலம் மாறிக்கொண்டிருந்தது. 1930-களில் ஜாஸ் என்றால் ஆட்டம், கொண்டாட்டம், பெரிய கூட்டம். 1940-களின் கடைசியில் அது உட்கார்ந்து கவனித்துக் கேட்க வேண்டிய இசையாகிவிட்டது. ஆட வந்த கூட்டம் ரிதம் அண்ட் ப்ளூஸ் பக்கம் போனது. பிறகு ராக் அண்ட் ரோல் வந்தது. ஜாஸ் வாசித்துப் பிழைக்க வேண்டுமென்றால் நியூயார்க் போக வேண்டும் என்ற நிலை.

வெஸ் போகவில்லை. பெரிய குடும்பம், நிலையான சம்பளம் வேண்டும். அதனால்தான் பகலில் ஃபேக்டரி. இரவில் டர்ஃப் பார், அதன்பிறகு மிசைல் ரூம். சகோதரர்கள் இருவரும் அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போய் இசைக்குழு தொடங்கிய பிறகும் அவர் ஊரிலேயே இருந்தார்.

இதை விட்டுக்கொடுத்தல் என்று பார்க்கலாம். இன்னொரு பக்கமும் உண்டு. அடுப்பு எரிய ஃபேக்டரி சம்பளம் இருந்ததால், கூட்டத்துக்காகத் தன் வாசிப்பை மாற்ற வேண்டிய கட்டாயம் அவருக்கு வரவில்லை. அதற்கு அவர் கொடுத்த விலை, தூக்கம்.

ஒரே இரவில் மாறிய வாழ்க்கை

1959-ல் பிரபல சாக்ஸஃபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி இண்டியானாபொலிஸுக்கு வந்தார். நள்ளிரவு தாண்டி மிசைல் ரூமுக்குப் போனவர், வெஸ் வாசிப்பைக் கேட்டு அசந்துபோனார். நியூயார்க் திரும்பியதும் ரிவர்சைட் ரெக்கார்ட்ஸ் தயாரிப்பாளர் ஓரின் கீப்நியூஸிடம் இவரை உடனே ஒப்பந்தம் செய்யச் சொன்னார்.

அதே சமயத்தில் இசை அறிஞர் கன்தர் ஷுல்லரும் வெஸ் பற்றி வியந்து எழுதியிருந்தார். கீப்நியூஸ் நேரில் கிளம்பி வந்து, டர்ஃப் பார், மிசைல் ரூம் இரண்டிலும் விடிய விடிய உட்கார்ந்து கேட்டு, கையோடு ஒப்பந்தத்தை முடித்தார். அப்போது வெஸ்ஸுக்கு வயது 36.

1960 ஜனவரியில் பதிவான 'தி இன்கிரெடிபிள் ஜாஸ் கிட்டார் ஆஃப் வெஸ் மான்ட்கோமரி' என்ற ஆல்பம் விமர்சகர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 1961-ல் மான்டரே ஜாஸ் விழாவில் ஜான் கோல்ட்ரேன் குழுவோடு மேடை ஏறினார். 1965-ல் ஐரோப்பா போனார். அப்போது தொலைக்காட்சிக்காக வாசித்த காட்சிகளைத்தான் இன்று பலரும் மொபைலில் பார்த்து, அந்தக் கட்டை விரல் எப்படி நகர்கிறது என்று கற்றுக்கொள்கிறார்கள்.

புகழ் வந்தது, பணம் வந்ததா?

அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. பாராட்டு வேறு, விற்பனை வேறு. ஜாஸ் கிட்டார் ரெக்கார்டு வாங்குவோர் குறைவு. 1964-ல் ரிவர்சைட் நிறுவனமே திவாலானது.

அடுத்து வெர்வ் நிறுவனத்துக்குப் போன வெஸ்ஸுக்குத் தயாரிப்பாளர் கிரீட் டெய்லர் வேறொரு பாதையைக் காட்டினார். மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பாப் பாட்டுகளை எடுத்து, பெரிய ஆர்க்கெஸ்ட்ரா பின்னணியில், மெட்டை ஆக்டேவில் வாசிப்பது. முதலில் தயங்கிய வெஸ், பிறகு ஒப்புக்கொண்டார்.

அப்படி 1966-ல் வெளியான 'கோயிங் அவுட் ஆஃப் மை ஹெட்' அவருக்கு கிராமி விருது வாங்கிக்கொடுத்தது. 1967-ல் பீட்டில்ஸ் பாட்டின் பெயரிலேயே வந்த 'எ டே இன் தி லைஃப்' ஆல்பம், ஜாஸ் பட்டியலில் முதலிடம் பிடித்ததோடு பாப் ஆல்பம் பட்டியலிலும் முதல் 20 இடங்களுக்குள் வந்தது. ஜாஸ் கிட்டார் கலைஞருக்கு அது கனவிலும் நினைக்க முடியாத இடம்.

ஜாஸைக் கைவிட்டாரா?

இந்தக் கேள்வி அப்போதே எழுந்தது. விமர்சகர்கள் பலர் கோபப்பட்டார்கள். அந்த ரெக்கார்டுகளில் மெட்டு இருக்கிறது, அழகு இருக்கிறது, ஆனால் மாடிப்படி போல ஏறும் அந்தக் கற்பனை வாசிப்புக்கு இடமே இல்லை என்பது அவர்கள் வாதம். அதில் உண்மையும் இருந்தது.

வெஸ் அந்த ரெக்கார்டுகளை ஜாஸ் என்று சொல்லி விற்க முயலவில்லை. அவற்றைப் பாப் இசையாகவே பார்த்தார். மேடையில் சிறிய குழுவோடு நின்று ஜாஸ் வாசிப்பதையும் நிறுத்தவில்லை. சிக்கல் என்னவென்றால், இப்போது வந்த கூட்டம் கேட்டது ரேடியோவில் வந்த ஹிட் பாட்டுகளைத்தான்.

சின்னக் கூட்டம் இருந்தபோது இஷ்டப்பட்டதை வாசிக்க முடிந்தது, வருமானம் இல்லை. பெரிய கூட்டம் வந்தபோது வருமானம் இருந்தது, இஷ்டம் சுருங்கியது. இரண்டையும் ஒரே மனிதர் பத்து வருடத்துக்குள் அனுபவித்தார்.

45 வயதில் முடிந்த பயணம்

1968 ஜூன் 15. இண்டியானாபொலிஸில் தன் வீட்டில் இருந்தபோது மாரடைப்பால் வெஸ் உயிரிழந்தார். வயது 45. தொடர்ந்து புகைபிடிக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. பணக்கஷ்டம் ஒருவழியாகத் தீர்ந்து சில வருடங்களே ஆகியிருந்தன.

ஜார்ஜ் பென்சன், பாட் மெத்தீனி, பாட் மார்ட்டினோ என அவருக்குப் பின் வந்த பெரிய கிட்டார் கலைஞர்கள் எல்லோரிடமும் அவருடைய தாக்கம் உண்டு. இவர்கள் அதிகம் பாடம் படித்தது அதிகமாக விற்ற ரெக்கார்டுகளில் இல்லை. 1965-ல் நியூயார்க்கின் ஹாஃப் நோட் என்ற சிறிய கிளப்பில் விண்டன் கெல்லி குழுவோடு வாசித்த 'ஸ்மோக்கிங் அட் தி ஹாஃப் நோட்' போன்ற பதிவுகளில்தான்.

2012-ல் 'எக்கோஸ் ஆஃப் இண்டியானா அவென்யூ' என்ற ஆல்பம் வெளியானது. ரிவர்சைட் ஒப்பந்தத்துக்கு முன்பு, 1950-களின் கடைசியில் இண்டியானாபொலிஸில் பதிவான டேப்புகள் அவை. ஃபேக்டரி வேலை முடித்துவிட்டு வந்து அவர் வாசித்த காலத்து இசை, அரை நூற்றாண்டு கழித்து உலகம் முழுக்கப் போனது. அன்று இரவு உள்ளூர்க்காரர்கள் மட்டும் கேட்ட வாசிப்பை இன்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.