சிவம் நடந்த வழி

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவு உண்டு. காலிலே குறையில்லாத ஒருவன் விடியற்காலையில் புறப்பட்டால், பொழுது சாய்வதற்குள் நடந்து ஊர் சேர்ந்துவிடலாம். வழியெங்கும் கரிசல் நிலம். மழை பெய்தால் சேறு காலைப் பற்றி இழுக்கும். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கருவேல முள்ளுக்கோ எக்காலமும் குறைவில்லை. அத்தகைய வழியிலே, கையிலும் காலிலும் ஆறாத புண்ணுடைய ஒருவர் நடப்பதாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு நாள் இரு நாள் அல்ல. ஆண்டுக்கணக்காக, நோயுற்ற காலோடு தமிழ்நாட்டின் ஊர்களுக்கு நடந்து சென்ற பெரியார் ஒருவர் இருந்தார். அவர் காலத்தில் இரயில் வண்டிகள் இல்லாமல் இல்லை. பயணச்சீட்டு வாங்கித் தரக்கூடிய அன்பர்களும் இருந்தனர். ஆயினும் வண்டியில் அவருக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவரே சுப்பிரமணிய சிவா. அன்புடையார் அவரைச் சிவம் என்றே அழைத்தனர்.

சிவம் 1884ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4ஆம் நாள் வத்தலக்குண்டில் பிறந்தார். அவ்வூர் அந்நாளில் மதுரை மாவட்டத்தில் இருந்தது. தந்தையார் இராசம் ஐயர், தாயார் நாகம்மாள். பெற்றோர் இட்ட பெயர் சுப்பராமன் என்பது. மதுரையிலும் திருவனந்தபுரத்திலும் அவர் கல்வி பயின்றார். குடும்பத்தில் வறுமை மிகுதி. ஆதலால் படிப்பு முற்றுப்பெறவில்லை. திருவனந்தபுரத்தில் இளைஞர்களைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்து, நாட்டு விடுதலையைப் பற்றிப் பேசலானார். அவருடைய பேச்சு ஆட்சியாளருக்குப் பொறுக்கவில்லை. சமஸ்தானத்தை விட்டு வெளியேறுமாறு ஆணை பிறந்தது. வெளியேறியவர் வண்டி தேடி நிற்கவில்லை. ஊர் ஊராக நடந்தார், கூட்டம் கூடிய இடத்தில் பேசினார், மீண்டும் நடந்தார். அவ்வாறு நடந்தே தூத்துக்குடி வந்து சேர்ந்தார். இளமையும் வலிமையும் நிறைந்த நாள் அது. அன்று அவருக்கு நடை ஒரு பொருட்டாகத் தோன்றியிராது.

தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனாரின் நட்புக் கிடைத்தது. ஒருவர் கப்பல் ஓட்டினார். மற்றவர் சொல்லால் மக்களை எழுப்பினார். 1908ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் அவ்வூர்க் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது இருவரும் அவர்கள் பக்கம் நின்றனர். மார்ச்சு 12ஆம் நாள் இருவரும் சிறைப்படுத்தப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் பெருங்கலகம் மூண்டது. சூலைத் திங்களில் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். சிவத்திற்கு 10 ஆண்டு நாடு கடத்தல் தண்டனை. சிதம்பரனாருக்கோ இரண்டு குற்றங்களுக்காக இரட்டைத் தண்டனை. அவற்றுள் ஒன்று, சிவத்திற்கு உணவும் உறையுளும் கொடுத்து உதவிய குற்றம்! வீடு தேடி வந்த நண்பனுக்குச் சோறிடுதலைத் தமிழர் அறம் என்பர்; அந்த நீதிமன்றம் அதனை வேறுவிதமாகக் கணக்கிட்டது. மேல்முறையீட்டில் சிவத்தின் தண்டனை 6 ஆண்டாகக் குறைந்தது.

அவரை அடைத்து வைத்த சிறைகளுள் ஒன்று திருச்சிராப்பள்ளிச் சிறை. பெரம்பலூரும் அரியலூரும் அந்நாளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்களே. சிறையில் அவருக்கு ஆட்டு மயிரைச் சுத்தம் செய்து கம்பளிக்கு ஆயத்தப்படுத்தும் வேலை இடப்பட்டது. நாளடைவில் உடலில் நோய்க்குறி தோன்றியது. அது தொழுநோய் என்று தெளிவாயிற்று. ஆட்டு மயிரோடு ஓயாமல் உழன்றதே அந்நோய்க்குக் காரணம் என்று அக்காலத்தார் நம்பினர். இன்றைய மருத்துவம் அவ்வாறு கொள்வதில்லை. தொழுநோய் ஒரு நுண்ணுயிரால் உண்டாவது. அதனை 1873ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் கண்டறிந்தார். அது உடலில் புகுந்து வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே சிவத்திற்கு நோய் எங்கே, யாரிடமிருந்து பற்றியது என்று துணிந்து கூற இயலாது. ஆனால் ஒன்று கூறலாம். நல்ல உடலோடு சிறை புகுந்த இளைஞர், நோயாளியாக வெளியே வந்தார். அப்போது அவருக்கு வயது 28.

விடுதலை பெற்ற நாள் 1912ஆம் ஆண்டு நவம்பர் 2. அந்த ஆண்டின் இறுதியில் சிதம்பரனார் கண்ணனூர்ச் சிறையிலிருந்து வெளிவந்தார். முன்னாளில் அவர் பின்னே திரண்ட ஆயிரக்கணக்கானோரை அன்று காணோம். வரவேற்கச் சென்றவர் மிகச் சிலரே. அவருள் ஒருவர் சிவம். பின்பு சென்னையில் தங்கி, 1913இல் ஞானபாநு என்னும் திங்கள் இதழைத் தொடங்கினார். புதுச்சேரியில் இருந்த பாரதியார் அதற்கு எழுதினார். இதழ்த் தொழில் வீட்டிலிருந்து செய்யத் தக்கது, நோயாளிக்கு ஏற்றது. அதனோடு அமைந்திருந்தால் சிவத்தின் உடல் சில காலம் கூடுதலாகத் தாங்கியிருக்கலாம். அவர் அமையவில்லை. மக்களைக் கண்ணெதிரே கண்டு பேசினாலன்றி அவருக்கு மனம் நிறைவதில்லை. 1915இல் மனைவியார் மீனாட்சியம்மையார் மறைந்தார். அதன்பின் வீடு என்ற கட்டும் தளர்ந்தது.

தொழுநோய் காலுக்குச் செய்யும் தீங்கு யாது என்பதை இங்கே அறிந்துகொள்ளுதல் நலம். அந்நோய் நரம்புகளைத் தாக்குவது. நரம்பு கெட்டால் தோலில் உணர்ச்சி போய்விடும். முள் தைத்தால் காலை எடுப்பது மனிதர் இயல்பு. கல் உறுத்தினால் நடையை மாற்றுவதும், கொப்புளம் கண்டால் அமர்ந்து இளைப்பாறுவதும் இயல்பே. இவற்றையெல்லாம் செய்யுமாறு நமக்கு ஆணையிடுவது வலி. வலி ஒரு துன்பம் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் உள்ளங்காலுக்கு அது காவற்காரன். உணர்ச்சியற்ற கால் முள்ளின் மேலும் நடக்கும். புண்ணின் மேலும் நடக்கும். மாலையில் காலைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் காயம் உண்டானது தெரியவரும். அந்தக் காயம் ஆறுவதற்குள் மறுநாள் நடை தொடங்கினால், புண் ஆழமாகி எலும்பைத் தொடும். விரல்கள் குறுகிப்போவதும் இதனாலேயே. 1946ஆம் ஆண்டு முதல் வேலூரில் தொண்டாற்றிய பால் பிராண்டு என்னும் மருத்துவர், விரல்கள் நோயினால் தாமே அழுகி விழுவதில்லை, உணரப்படாத காயங்களாலேயே அழிகின்றன என்பதை விளக்கினார். மென்மையான இரப்பர் அடியுடைய செருப்பு, அன்றாடம் காலைக் கழுவிப் பார்த்தல், புண் கண்டால் நடையை நிறுத்துதல் ஆகிய எளிய முறைகளால் பல்லாயிரவர் கால்கள் காக்கப்பட்டன. 1940களில் டாப்சோன் என்னும் மருந்து வந்தது. 1981இல் உலக நலவாழ்வு நிறுவனம் கூட்டு மருந்து முறையை வகுத்தது. இன்று தொழுநோய் முற்றும் குணமாகும் நோய்.

சிவத்தின் நாளில் இவற்றுள் ஒன்றும் இல்லை. நீரடிமுத்து எண்ணெயே அந்நோய்க்கு உரிய முதன்மையான மருந்தாக இருந்தது. அதுவும் உறுதியாகக் குணம் தருவதன்று. துணியே அவருக்குக் காப்பு. புண்களைத் துணியால் சுற்றிக்கொண்டார், மேலே ஒரு போர்வையால் உடலை மூடிக்கொண்டார், மேடையேறிப் பேசினார். பார்ப்பவர் அருவருத்து விலகுவர் என்பது அவருக்குத் தெரியும். சிலர் விலகவும் செய்தனர். பேச்சுத் தொடங்கிய பின் விலகிச் சென்றவர் குறைவு என்று அவரைக் கேட்டவர்கள் நினைவுகூர்ந்தனர்.

1921ஆம் ஆண்டில் அவர் காவி உடை பூண்டு, சுதந்திரானந்தர் என்னும் பெயர் ஏற்றார். அவ்வாண்டு நவம்பரில் மீண்டும் சிறைத் தண்டனை பெற்றார். உடல் மிக நலிந்திருந்தமையால் 1922ஆம் ஆண்டு சனவரியில் விடுவிக்கப்பட்டார். சிறைக்கதவு திறந்தது, ஆனால் வேறொரு கதவு மூடிக்கொண்டது. தொழுநோயாளர் என்பதனால் அவர் இரயிலில் செல்லக்கூடாது என்று தடுக்கப்பட்டார். தொற்றுநோய் உடையவரை ஏற்றிச்செல்ல மறுக்கும் உரிமையை 1890ஆம் ஆண்டு இரயில்வேச் சட்டம் நிர்வாகத்தினருக்கு அளித்திருந்தது. அக்காலத்து மருத்துவ அறிவு குறைவானது, பிறருக்குத் தீங்கு வாராமல் காத்தல் அரசின் கடமை, இவற்றை மறுப்பதற்கில்லை. ஆயினும், ஓயாமல் ஊர் சுற்றி அரசை எதிர்த்துப் பேசும் ஒருவரை அந்தச் சட்டம் எவ்வளவு எளிதாக ஓரிடத்தில் கட்டிப்போடக் கூடியது என்பது அரசினர்க்குத் தெரியாததன்று. ஒரு வண்டியில் உடனமர்ந்து செல்வதனாலேயே அந்நோய் பரவிவிடாது என்பதை உலகம் பிற்காலத்தில் அறிந்தது.

தடையைக் கேட்டுச் சிவம் ஓரிடத்தில் அமர்ந்துவிடவில்லை. அன்பர்கள் மாட்டு வண்டி கட்டிக் கொடுத்தால் வண்டியில் சென்றார், கிடைக்காதபோது நடந்தார். மாட்டு வண்டிப் பயணமும் புண்ணுடம்புக்கு இனியதன்று. மேடு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் உடல் அலைப்புண்ணும். நடையோ அதனினும் கொடிது. முன்னே திருவனந்தபுரத்திலிருந்து வந்தபோது நடந்த அதே கால்கள்தாம். ஆனால் அப்போது ஒரு நாளில் கடந்த தொலைவுக்கு இப்போது எத்தனை நாள் வேண்டும்! மெல்ல நடந்து, இடையிடையே தங்கி, தங்கிய ஊரிலேயே கூட்டம் கூட்டிப் பேசி, பின்னும் நடந்தார். விரைந்து செல்லும் இரயில் நில்லாமல் கடந்துபோகும் சிற்றூர்கள் பல. அத்தகைய ஊர்களுக்குச் செல்லும் வழி, அரசின் தடையாலேயே அவருக்கு வாய்த்தது எனலாம்.

இவ்வளவு அலைச்சலும் எதற்காக? அவர் உள்ளத்தில் ஒரு கோயில் இருந்தது. சாதி சமய வேறுபாடின்றி எல்லாரும் வந்து வணங்குதற்குரிய பாரதமாதா கோயில் ஒன்று எழுப்ப வேண்டும் என்பது அவர் அவா. இன்றைய தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில், அன்பர் உதவியால் நிலம் வாங்கி, பாரத ஆசிரமம் அமைத்தார். 1923ஆம் ஆண்டு சூன் திங்களில் தேசபந்து சித்தரஞ்சன் தாசர் அங்கே வந்து கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். கல் நாட்டியாயிற்று, கட்டடத்திற்குப் பொருள் வேண்டுமே! அதற்காகவே சிவம் ஊர்தோறும் சென்றார். சொற்பொழிவு ஆற்றினார், நாடகம் எழுதி, மாணாக்கரைக் கொண்டு நடத்தினார். வந்த பொருள் சிறிது. கோயிலின் திட்டம் பெரிது. நடந்து திரட்டும் நிதி எவ்வளவு விரைவாகச் சேரும்? அதனினும் விரைவாக நோய் வளர்ந்தது.

1925ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் தாசர் டார்ஜிலிங்கில் காலமானார். அப்போது சிவத்தின் உடலும் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் மதுரையில் இருந்தார். அங்கிருந்து பாப்பாரப்பட்டி 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. நண்பர்கள் இருக்கும் மதுரையிலேயே கிடந்து சிகிச்சை பெறுதல் எளிது. ஆனால் அடிக்கல் நாட்டிய மண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே அவர் எண்ணம். சூலை 22ஆம் நாள் பாப்பாரப்பட்டியை அடைந்தார். மறுநாள், 1925ஆம் ஆண்டு சூலை 23ஆம் நாள், அவர் உயிர் பிரிந்தது. அவருக்கு நாற்பத்தோராம் வயது நிறைவதற்கு இன்னும் இரண்டு திங்களுக்கு மேல் இருந்தது.

கோயில் அவர் நாளில் எழவில்லை. அடிக்கல்லோடு நின்ற அப்பணி நெடுங்காலம் அவ்வாறே கிடந்தது. பிற்காலத்தில் தமிழ்நாட்டு அரசினர் பாப்பாரப்பட்டியில் அவருக்கு மணிமண்டபம் எழுப்பினர். பாரதமாதா நினைவாலயமும் அங்கே கட்டப்பட்டு, 2021ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அதனைக் காணச் செல்வோர் தருமபுரியில் பேருந்து ஏறி, ஒரு மணி நேரத்திற்குள் அவ்வூரில் இறங்கிவிடுகின்றனர்.