பிள்ளையாரிடம் அழுத சிறுவன்

குழந்தைகளே, கோயிலில் சாமிக்கு முன்னால் பொங்கலும் பழமும் வைத்துப் பூசை செய்வதைப் பார்த்திருப்பீங்க. அதற்கு நைவேத்தியம் என்று பெயர். பூசை முடிந்ததும் அதையே நமக்குப் பிரசாதமாகக் கொடுப்பாங்க. சாமி உண்மையிலேயே அதைச் சாப்பிடுவாரா என்று நீங்க எப்போதாவது அம்மாவிடம் கேட்டிருக்கீங்களா?

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்த ஒரு சிறுவன் அப்படிக் கேட்கவே இல்லை. சாமி சாப்பிடுவார் என்றே அவன் நினைத்திருந்தான். அவன் பெயர் நம்பி. பெரியவர் ஆனதும் அவரை நம்பியாண்டார் நம்பி என்று அழைத்தார்கள். அவருடைய கதையைத் தமிழ் மக்கள் பல நூறு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். நாமும் கேட்போமா?

தமிழ்நாட்டில், சிதம்பரத்துக்குப் பக்கத்தில் திருநாரையூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே உள்ள சிவன் கோயிலில் இருக்கும் பிள்ளையாருக்குப் பொள்ளாப் பிள்ளையார் என்று பெயர். பொள்ளுதல் என்றால் உளியால் செதுக்குதல். யாரும் செதுக்காமல் தானாகவே தோன்றியவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். நம்பியின் அப்பாதான் அவருக்கு நாள்தோறும் பூசை செய்தார்.

ஒருநாள் அப்பா வெளியூர் போக வேண்டியிருந்தது. பூசை செய்யும் வேலையை நம்பியிடம் கொடுத்துவிட்டுப் போனார். நம்பிக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க! அப்பா செய்வதைப் போலவே எல்லாவற்றையும் செய்தான். கடைசியில் நைவேத்தியத்தைப் பிள்ளையார் முன்னால் வைத்து, சாப்பிடும்படி வேண்டினான்.

பிள்ளையார் அசையவில்லை.

நம்பி காத்திருந்தான். சோறு ஆறிப்போனது. அப்பா வைத்தால் சாப்பிடுகிறவர், நான் வைத்தால் ஏன் சாப்பிடவில்லை என்று அவனுக்குப் புரியவில்லை. பூசையில் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று பயந்தான். தன்னால் பிள்ளையார் பட்டினி கிடக்கிறாரே என்று வருந்தினான். கெஞ்சினான், அழுதான். கடைசியில் அழுகை தாங்காமல் கல்லில் தலையை முட்டிக்கொள்ளவே போய்விட்டான்! அப்போது பிள்ளையார் அவனைத் தடுத்தார். தும்பிக்கையை நீட்டி, வைத்த சோற்றையெல்லாம் சாப்பிட்டார்.

நம்பிக்கு ஒரே சந்தோஷம். ஆனால் உடனே இன்னொரு கவலை வந்துவிட்டது. பாடம் படிக்கப் போக நேரமாகிவிட்டது. இனிமேல் போனால் ஆசிரியர் அடிப்பாரே! அதையும் பிள்ளையாரிடமே சொன்னான். நீங்களே எனக்குச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டான். பிள்ளையாரும் அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஊர் திரும்பிய அப்பாவால் இதையெல்லாம் முதலில் நம்பவே முடியவில்லை.

இந்தச் செய்தி அரசரின் காதுக்கும் போனது. அந்த அரசர் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராசராச சோழன் என்று சொல்வார்கள். அவருக்கும் ஒரு பெரிய கவலை இருந்தது. சம்பந்தர், அப்பர், சுந்தரர் என்ற மூன்று பெரியவர்கள் ஊர் ஊராகப் போய்ச் சிவனைப் பற்றிப் பாடியிருந்தார்கள். அந்தப் பாட்டுகளைத் தேவாரம் என்று சொல்கிறோம். ஆனால் அவற்றை எழுதிய ஓலைச்சுவடிகள் எங்கே இருக்கின்றன என்று யாருக்கும் தெரியவில்லை. அரசர் நம்பியிடம் வந்து உதவி கேட்டார். நம்பிக்கும் தெரியாது. அதனால் என்ன? பிள்ளையாரிடம் கேட்டார். சிதம்பரம் கோயிலில் பூட்டிய ஓர் அறைக்குள் அவை இருப்பதாகப் பிள்ளையார் சொன்னார்.

அரசரும் நம்பியும் சிதம்பரம் போனார்கள். பாடிய மூவரும் வந்தால்தான் கதவைத் திறப்போம் என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். அந்த மூவரும் மறைந்து பல காலம் ஆகியிருந்தது. அரசர் மூவருடைய சிலைகளையும் ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்தினார். கதவு திறந்தது.

உள்ளே என்ன இருந்தது தெரியுமா? ஒரு பெரிய கறையான் புற்று! ஓலைகளையெல்லாம் கறையான் மூடியிருந்தது. புற்றின் மேல் எண்ணெய் ஊற்றி, மெதுவாக ஓலைகளை எடுத்தார்கள். பல ஓலைகள் அழிந்துபோயிருந்தன. எல்லாருக்கும் மனம் உடைந்துபோனது. இந்தக் காலத்துக்கு வேண்டியவை மிஞ்சியிருக்கின்றன என்று அப்போது இறைவனின் குரல் கேட்டதாகச் சொல்வார்கள்.

நம்பி அதையும் அப்படியே நம்பினார். போனதை நினைத்து அழுதுகொண்டே உட்காரவில்லை. கிடைத்த பாடல்களை ஒவ்வொன்றாகப் படித்து, வரிசைப்படுத்தி, திருமுறைகளாகத் தொகுத்தார். அந்தப் பாடல்களுக்கு மறந்துபோன பண்களும் மீண்டும் கிடைத்தன. பண் என்றால் பாடும் இசை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழியில் வந்த ஒரு பெண்தான் அவற்றை அமைத்துக் கொடுத்தார். நம்பியும் சொந்தமாகப் பல நூல்கள் பாடினார். அவற்றில் ஒன்று தன் பிள்ளையாரைப் பற்றியது. சிவனடியார்களைப் பற்றி அவர் பாடிய இன்னொரு நூல், பிறகு சேக்கிழார் பெரியபுராணம் எழுதுவதற்கு உதவியது.

சிறு வயதில் பிள்ளையாருக்காக அழுத அதே மனசு, பெரியவரான பிறகும் அவரிடம் இருந்தது. தெரியாததைக் கடவுளிடம் கேட்டார். கிடைத்த பதிலைச் சந்தேகப்படவில்லை. பிறகு, தான் செய்ய வேண்டிய வேலையைப் பொறுமையாகச் செய்தார்.

இன்று உலகத்தில் எத்தனையோ நாடுகளில் தமிழர்கள் கோயில் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கோயில்களில் தேவாரம் பாடுகிறார்கள். உங்க ஊர்க் கோயிலிலும் பாடலாம். அடுத்த முறை அதைக் கேட்கும்போது, ஆறிப்போன சோற்றின் முன்னால் அழுதுகொண்டு நின்ற அந்தச் சிறுவனைக் கொஞ்சம் நினைச்சுக்கோங்க.