உயிரின் தோற்றத்தை ஆராய்ந்த பேரறிஞர் ஹால்டேன்

படைத்தவன் ஒருவன் இன்றி உயிர்கள் எவ்வாறு தோன்றின என்பது, பகவன் புத்தரின் தம்மத்தை மேற்கொண்ட நம்மிடம் பிறர் அடிக்கடி எழுப்பும் வினாவாகும். அதற்கு அறிவியல் நெறியில் விடை தேடியவர்களுள் தலைசிறந்தவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். நம் நாட்டின் குடிமகனாகவே வாழ்வை முடித்த அவ்வறிஞரின் வரலாற்றை நாம் அறிதல் நன்று.

இவர் 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தையார் ஜான் ஸ்காட் ஹால்டேன், சுரங்கத் தொழிலாளரைக் கொல்லும் நச்சுக் காற்றுகளை ஆராய்ந்த உடலியல் வல்லுநர். அவர் தம் மகனைச் சிறுவயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்துக்குள் அழைத்துச் சென்று, எரிவாயு தேங்கிய இடத்தில் நிமிர்ந்து நின்று ஒரு நாடகப் பகுதியை ஓதச் செய்தார். சிறுவன் மூச்சுத் திணறி விழுந்தான். தரையருகே நல்ல காற்று இருந்தமையால் தெளிந்தான். அவ்வாயு காற்றினும் இலேசானது என்பதை அவன் ஏட்டால் அன்றி உடலாலேயே கற்றான். கோலார் தங்க வயலில் உழைத்த நம்மவருக்கு இப்பாடத்தின் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1939இல் தீட்டிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பலில் 99 பேர் மாண்டபோதும், காரணம் அறியும் பொருட்டு ஹால்டேன் தம்மையே மூடிய அறையில் அடைத்துச் சோதித்தார்.

டார்வின் 1859இல் வெளியிட்ட இயற்கைத் தேர்வுக் கொள்கைக்குக் கணித வலிமை தந்தோர் மூவர்: பிஷர், ரைட், ஹால்டேன். மான்செஸ்டர் பகுதியில் 1848இல் அரிதாயிருந்த ஒரு கருநிற அந்துப்பூச்சி, ஆலைப்புகையால் மரங்கள் கறுத்தபின், அந்நூற்றாண்டின் இறுதிக்குள் பெரும்பான்மையாயிற்று. இதற்குக் கருநிறப் பூச்சிகள் ஏனையவற்றினும் ஏறத்தாழ 50 விழுக்காடு மிகுதியான சந்ததியை விட்டிருத்தல் வேண்டும் என 1924இல் ஹால்டேன் கணக்கிட்டார்.

1929இல் உயிரின் தோற்றம் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். ஆதியில் வளிமண்டலத்தில் பிராணவாயு இல்லை. நீர், கரியமிலவாயு, அம்மோனியா ஆகியவற்றின்மேல் கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் பட, உயிர்ப்பொருள்களுக்கு மூலமான கூட்டுப்பொருள்கள் உண்டாகிக் கடலில் திரண்டன. அத்திரளிலிருந்தே உயிர் அரும்பிற்று என்பது அவர் கருத்து. 1953இல் அமெரிக்காவில் மில்லர், மீத்தேன் முதலிய வாயுக்களில் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களைப் பெற்றார். எனினும் அவற்றிலிருந்து உயிரணு வரையிலான முழுவழி இன்னும் துலங்கவில்லை. ஆதி வளிமண்டலத்தின் இயல்பு பற்றியும் ஆய்வு தொடர்கின்றது.

அவரிடம் குறையும் இருந்தது. சோவியத் நாட்டில் லைசென்கோ என்பார் மரபியலை மறுத்து ஆதிக்கம் செலுத்தியபோது, பொதுவுடைமைக் கட்சிப் பற்றால் ஹால்டேன் வெளிப்படையாகக் கண்டிக்கத் தயங்கினார். பின்னரே கட்சியை விட்டு நீங்கினார். பற்று அறிவாளியின் கண்ணையும் மறைக்கும் என்பதற்கு இது சான்று. ஆனால் புகழின்மேல் அவருக்குப் பற்றில்லை. தமக்கு முன்னரே, 1924இல், ரஷ்ய அறிஞர் ஓபாரின் இதையொத்த கருத்தை வெளியிட்டிருந்தார் என்பதையும், முதன்மை அவருக்கே உரியது என்பதையும் 1963இல் அவர் முன்னிலையிலேயே ஒப்புக்கொண்டார்.

பாபாசாகேப் அம்பேத்கர் நாகபுரியில் தீட்சை பெற்ற மறு ஆண்டாகிய 1957இல் ஹால்டேன் இந்தியாவில் குடியேறினார். கல்கத்தாவிலும் பின் புவனேசுவரத்திலும் ஆய்வு நடத்தி, நம் நாட்டு உடை உடுத்து, புலால் நீத்து வாழ்ந்தார். 1964 டிசம்பர் 1ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது.

ஹால்டேன் பௌத்தர் அல்லர். அவரை நம்மவராக்கிப் பெருமை கொள்ளுதல் நேர்மையாகாது. ஆயினும் சார்பினால் தோன்றுவதே உலகம் என்னும் நம் கொள்கையோடு அவர் காட்டிய வழி முரண்படவில்லை. ஒரு குலத்தார் தலையிலும் மற்றொரு குலத்தார் காலிலும் பிறந்தனர் என்னும் பழங்கதைக்கு அவ்வழியில் இடமே இல்லை. மாந்தர் அனைவருக்கும் மூதாதை ஒன்றே. கேள்வியுற்றதனால் மட்டும் எதையும் ஏலாது ஆராய்ந்து கொள்க எனக் காலாமர்க்குப் பகவன் உணர்த்திய நெறியில் நம் சிறுவர்கள் அறிவியல் பயில்வார்களாக.