விமானி டாடா

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நகரியத்தை யடுத்துச் சிறு விமானங்கள் இறங்குதற்குரிய தளமொன்று உண்டு. இத்தகைய சிறு விமானங்களைக்கொண்டு நம் நாட்டின் வான்வழியைத் திறந்தவர் ஜே. ஆர். டி. டாடா. அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

இவர் 1904-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29-ஆம் நாள் பாரிஸ் மாநகரிற் பிறந்தார். தந்தையார் பார்ஸி வகுப்பினர். அன்னையார் பிரஞ்சு நாட்டினர். ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதற் கடந்த பிளேரியோவின் குடும்பத்தார், ஹார்டெலோ என்னும் கடற்கரையூரில் இவர்க்கு அயலவராயிருந்தனர். ஆண்டு மணற்பரப்பில் விமானம் வந்திறங்கக் கண்ட சிறுவர், தாமும் வானிற் செல்ல விழைந்தார். 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள், இந்தியாவில் வழங்கப்பெற்ற முதல் விமானிச் சான்றினைப் பெற்றார்.

1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், அஞ்சற் பைகளுடன் கராச்சியினின்றும் புறப்பட்டு, 'பஸ் மாத்' என்னும் ஒற்றை எஞ்சின் விமானத்தைத் தாமே செலுத்தி, ஆமதாபாத் வழியாகப் பம்பாயின் ஜுஹூவில் இறங்கினார். ஆங்கிருந்து நெவில் வின்சென்ட் பல்லாரி வழியாக அவ்வஞ்சலைச் சென்னைக்குக் கொணர்ந்தார்.

இப்பணியின் அருமை, தரையிறங்கும் முறையை நோக்குவார்க்கே விளங்கும். விமானத்தைத் தாங்குவது இறக்கைமேற் பாயும் காற்று. விட்டுவிட்டு வீசும் எதிர்காற்றுத் திடீரெனத் தணியின், அத்தாங்கல் குறைந்து விமானம் தாழ விழும். ஆதலின், விமானி காற்றை எதிர்நோக்கி, சற்று மிகுந்த வேகத்துடன் இறங்குவான். காற்றுப் பக்கத்தே அடிப்பின் அப்பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, சுக்கானால் முகப்பை நேர்நிறுத்துவான். நெறி பிறழின் பிடிவாதமின்றி மேலெழுந்து, சுற்றிவந்து மீண்டும் முயல்வான்.

அந்நாளில் அவ்வழியிற் செல்லும் விமானிக்கு வானொலித் துணையும் இல்லை. மழையில் ஜுஹூ நிலம் சேறாயின், டாடாவின் விமானங்கள் அதனை விட்டுப் பூனாவைத் தளமாகக் கொண்டன. மேற்குத் தொடர்ச்சி மலையிற் பருவமழை சீறிய திங்களிலும், சென்னை அஞ்சல் ஒருமுறையேனும் காலந்தாழ்ந்ததில்லையென 1933–34-ஆம் ஆண்டின் அரசினர் அறிக்கை பாராட்டிற்று.

1982-இல், தம் 78-ஆம் வயதில், கராச்சி–பம்பாய்ப் பயணத்தை மீண்டும் தாமே நிகழ்த்திக் காட்டினார். 1992-இல் பாரத ரத்னா விருது பெற்று, 1993-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் ஜெனீவாவிற் காலமானார்.

விரைந்து எழுவோர் பலர்; பொறுத்து இறங்குவோர் சிலரே. எடுத்த கருமத்தைச் சேதமின்றிக் கரைசேர்க்கும் அப்பொறுமையை, மாணவராகிய நாம் டாடாவின் வாழ்விலிருந்து கற்போமாக.