சார்ஜரில் பெயர் இல்லாத மனிதர்

உங்கள் மடிக்கணினியின் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். அதன் முதுகில் பொடி எழுத்தில் சில எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். என்னுடையதில் 20 வோல்ட், 3.25 ஆம்பியர், 65 வாட் என்று இருக்கிறது. இவை மூன்றும் மனிதர்களின் பெயர்கள். வோல்ட் என்பது இத்தாலியின் வோல்ட்டா, ஆம்பியர் என்பது பிரான்சின் ஆம்பியர், வாட் என்பது ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் வாட்.

நான்காவதாக ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் சார்ஜரில் இல்லை. ஆனால், போன பருவத் தேர்வு வாரத்தில் என் கணினி சார்ஜ் ஆவதுபோல் காட்டிக்கொண்டே 40 விழுக்காட்டிலிருந்து 31க்கு இறங்கியபோது, எங்கே கோளாறு என்பதைக் கண்டுபிடிக்க உதவியது அவருடைய விதிதான். ஐந்தாம் படிவ இயற்பியல் பாடத்தில் அவர் பெயரைக் கேட்டதும் வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். தமிழில் அது நம் காதுக்கு மந்திரம்போல் ஒலிக்கும். ஜார்ஜ் சைமன் ஓம்.

விதியை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய நமக்கு, அதைக் கண்டுபிடித்தவர் அதற்காக என்ன விலை கொடுத்தார் என்பது தெரிவதில்லை.

பூட்டுத் தொழிலாளியின் மகன்

ஓம் 1789ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தை யோகான் வொல்ஃப்காங் ஓம் பூட்டு செய்யும் தொழிலாளி. தாயார் தையல்காரர் ஒருவரின் மகள். பிறந்த ஏழு பிள்ளைகளில் மூவர்தாம் பிழைத்தனர். ஓமுக்குப் பத்து வயதானபோது தாயும் இறந்துவிட்டார்.

தந்தை கல்லூரி வாசல் மிதிக்காதவர். ஆனாலும் தாமாகவே கணிதமும் அறிவியலும் தத்துவமும் கற்றிருந்தார். பட்டறை வேலை முடிந்ததும் ஜார்ஜுக்கும் தம்பி மார்ட்டினுக்கும் அவரே ஆசிரியர். பள்ளியில் பெரும்பாலும் மனப்பாடப் படிப்புதான். சிந்திக்கக் கற்றுக்கொண்டது வீட்டில்தான். ஓமுக்கு 15 வயதானபோது எர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாங்ஸ்டோர்ஃப் அவரைச் சோதித்துப் பார்த்து, புகழ்பெற்ற பெர்னூலி கணிதக் குடும்பத்தோடு இந்தக் குடும்பத்தை ஒப்பிட்டாராம். தம்பி மார்ட்டினும் பிற்காலத்தில் கணித அறிஞரானார்.

தந்தையின் பட்டறையிலிருந்து ஓம் இன்னொன்றையும் எடுத்துச் சென்றார். அது இரும்பையும் கம்பியையும் நுணுக்கமாகக் கையாளும் திறன். அது எங்கே கைகொடுத்தது என்பதைப் பிறகு பார்ப்போம்.

நடனம், பில்லியர்ட்ஸ், பனிச்சறுக்கு

1805இல் ஓம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே நம்மில் பலர் செய்வதையே அவரும் செய்தார். நடனம், பில்லியர்ட்ஸ், பனிச்சறுக்கு என்று பொழுதைக் கழித்தார். மகன் ஒரு வாய்ப்பை வீணடிக்கிறான் என்று தந்தைக்குக் கோபம். தமக்குக் கிடைக்காத வாய்ப்பு அது என்பதால் கோபம் இன்னும் கூடுதல். மூன்று பருவங்களோடு படிப்பு நின்றது. 1806இல் ஓம் சுவிட்சர்லாந்து சென்று ஒரு பள்ளியில் கணித ஆசிரியரானார்.

பேராசிரியர் லாங்ஸ்டோர்ஃப் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது ஓமும் அங்கே சென்று படிக்க விரும்பினார். பேராசிரியரோ, ஆய்லர், லப்லாஸ் போன்றோரின் நூல்களைச் சொந்தமாகப் படிக்கும்படி அறிவுரை கூறினார். ஓம் அப்படியே செய்தார். பகலில் பாடம் நடத்தினார், மற்ற நேரத்தில் படித்தார். 1811இல் எர்லாங்கன் திரும்பி முனைவர் பட்டம் பெற்றார்.

பட்டம் கிடைத்தது, நிலையான வேலை கிடைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் மூன்று பருவங்கள் கற்பித்தும் முன்னேற்றத்துக்கு வழி தெரியவில்லை, வருமானமும் போதவில்லை. 1813இல் பாம்பெர்க் நகரில் ஒரு சாதாரணப் பள்ளிக்கு ஆசிரியராகப் போனார். 1816இல் அந்தப் பள்ளியும் மூடப்பட்டது. அந்த மனச்சோர்வுக்கு நடுவிலும் அவர் வடிவியல் பாடநூல் ஒன்றை எழுதினார். அதன் படியைப் பிரஷிய மன்னருக்கு அனுப்பினார். அந்தப் புத்தகம் வழியாக 1817இல் கொலோன் நகரில் ஓர் உயர்நிலைப் பள்ளி வேலை வந்தது. அந்தப் பள்ளியில் நல்ல இயற்பியல் ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது.

முதல் முயற்சியில் தவறு

1820இல் டென்மார்க்கின் அயர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பிக்கு அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டுபிடித்தார். ஐரோப்பா முழுவதும் ஆய்வாளர்கள் மின்சாரத்தின் பக்கம் திரும்பினர். பள்ளி ஆசிரியர் ஓமும் மாணவர்கள் வீடு திரும்பிய பிறகு ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தார். அவருடைய கேள்வி எளிமையானது. கம்பி நீளமாக நீளமாக மின்னோட்டம் எவ்வளவு குறைகிறது?

1825இல் தம் முதல் முடிவை வெளியிட்டார். அது தவறு.

தவறியது கணக்கு அல்ல, அவர் பயன்படுத்திய மின்கலம். அக்கால மின்கலங்கள் இணைத்த கணத்தில் வேகமாக மின்சாரம் தரும், பிறகு தளர்ந்துவிடும். அளவு குறைந்தால் அதற்குக் காரணம் கம்பியின் நீளமா, மின்கலத்தின் சோர்வா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு பொருள்கள் ஒரே சமயத்தில் மாறிக்கொண்டிருந்தால் எதைக் குற்றம் சொல்வது?

அறிவியல் இதழொன்றின் ஆசிரியரான பொகெண்டார்ஃப் ஒரு யோசனை சொன்னார். மின்கலத்தை விட்டுவிட்டு வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்துங்கள் என்பதே அது. இரு வேறு உலோகங்களை இரு முனைகளில் இணைத்து, ஒரு முனையைச் சூடாகவும் மறுமுனையைக் குளிராகவும் வைத்தால் மின்சாரம் பிறக்கும். சில ஆண்டுகளுக்கு முன்புதான் சீபெக் அதைக் கண்டறிந்திருந்தார். ஓம் செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்தார். ஒரு முனை கொதிக்கும் நீரில், மறுமுனை பனிக்கட்டியில். நீர் கொதிக்கும் வெப்பநிலையும் பனி உருகும் வெப்பநிலையும் மாறுவதில்லை. ஆகவே அவருக்கு அசையாத மின்மூலம் ஒன்று கிடைத்தது.

மின்னோட்டத்தை அளக்க, மெல்லிய உலோக இழையில் காந்த ஊசியைத் தொங்கவிட்ட கருவி ஒன்றைச் செய்தார். ஊசி விலகும்போது இழையை எவ்வளவு முறுக்கினால் அது பழைய இடத்துக்குத் திரும்புகிறது என்பதே அளவு. பூட்டுப் பட்டறையில் பழகிய கை இங்கேதான் உதவியது.

பிறகு ஒரே தடிமனில் எட்டுச் செப்புக் கம்பிகள். நீளங்கள் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். கம்பியை மட்டும் மாற்றினார், மற்ற எதையும் தொடவில்லை. 1826இல் உண்மை தெளிவாக வெளிவந்தது. மின்னோட்டம் என்பது மூலத்தின் விசையை மொத்தத் தடையால் வகுத்தால் வருவது. அந்த மொத்தத் தடையில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று, மாற்றி மாற்றி வைத்த கம்பியின் தடை. மற்றொன்று, சுற்றின் மீதிப் பகுதியில், மின்மூலத்துக்குள்ளேயே, ஒளிந்திருக்கும் தடை. இந்த இரண்டாவது பங்கை நினைவில் வையுங்கள்.

புகழ் வரவில்லை

ஓம் அரைச் சம்பளத்தில் ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு, பெர்லினில் இருந்த தம்பியிடம் சென்றார். 1827இல் மின்சுற்றைக் கணித முறையில் விளக்கும் தம் நூலை வெளியிட்டார். அதன் வழியாக ஒரு பல்கலைக்கழகப் பதவி கிடைக்கும் என்று நம்பினார்.

நூலை வரவேற்றவர்கள் சிலரே. அன்றைய ஜெர்மானிய இயற்பியலாளர் பலருக்கு அவ்வளவு கணிதம் பழக்கமில்லை. இயற்கையைச் சமன்பாட்டுக்குள் அடைப்பதையே சிலர் விரும்பவில்லை. கடுமையான விமர்சனமும் எழுந்தது. மனம் உடைந்த ஓம் 1828இல் கொலோன் பள்ளி வேலையைத் துறந்தார். அப்போது அவருக்கு வயது 39. பெர்லினில் ஓர் இராணுவப் பள்ளியில் வாரத்துக்குச் சில மணி நேரம் கணிதம் கற்பித்துக் காலம் தள்ளினார். இன்று உலகமெங்கும் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் ஒரு விதியைக் கண்டுபிடித்தவர், பகுதிநேர ஆசிரியராக இருந்தார். 1833இல்தான் நூரம்பெர்க் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது.

மாற்றம் வெளிநாட்டிலிருந்து வந்தது. 1841இல் இலண்டன் ராயல் சங்கம் தன் உயரிய விருதான கோப்ளி பதக்கத்தை அவருக்கு வழங்கியது. அதே ஆண்டு நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. தந்தித் தொழில் வளரத் தொடங்கிய காலம் அது. மைல் கணக்கில் கம்பி இழுப்பவர்களுக்கு, கம்பி நீண்டால் மின்னோட்டம் எவ்வளவு குறையும் என்பது ஏட்டுக் கேள்வி அல்ல, பிழைப்புக் கேள்வி. ஓமின் விதி அவர்களுக்கு அன்றாடத் தேவையாயிற்று.

ஒரு கிளைச் செய்தி. இதே உண்மையை இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ் சுமார் 45 ஆண்டுகளுக்கு முன்பே தம் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தார். ஆனால் வெளியிடவில்லை. மேக்ஸ்வெல் 1879இல் அந்தக் குறிப்புகளைப் பதிப்பித்தபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. ஓம் துணிந்து வெளியிட்டார், அடியும் வாங்கினார். விதிக்கு அவர் பெயரே நிலைத்தது.

இளமையிலிருந்து அவர் ஏங்கிய பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் பதவி மியூனிக் நகரில் 1852இல் வந்தது. அதை அவர் அனுபவித்தது ஈராண்டுதான். 1854ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், 65ஆம் வயதில் மறைந்தார். 1881இல் பாரிஸில் கூடிய அனைத்துலக மின்னியல் மாநாடு, மின்தடையின் அலகுக்கு ஓம் என்ற பெயரை உறுதிசெய்தது. வோல்ட்டும் ஆம்பியரும் அதே மாநாட்டில் ஏற்கப்பட்டவை.

என் கணினிக்குத் திரும்புவோம்

தேர்வு வாரத்தில் என் கணினி இறங்கிக்கொண்டே போனபோது, மின்கலம் செத்துவிட்டது என்று முடிவு கட்டி, புதிது வாங்கப் பணம் திரட்டத் தொடங்கிவிட்டேன். அறைத்தோழன்தான் தடுத்தான். அவனிடம் அதே வகைக் கணினி இருந்தது. அவன் சார்ஜரை என் கணினியில் செருகினோம். கணினி அதேதான், மின்கலம் அதேதான், சுவரில் உள்ள செருகியும் அதேதான். சார்ஜர் மட்டும் வேறு. ஒரு மணி நேரத்தில் விழுக்காடு மளமளவென்று ஏறியது. என் சார்ஜரின் கம்பியில், கணினிக்குள் செருகும் முனையின் கழுத்துப் பகுதியைத் தொட்டால் சூடு. அசைத்தால் விளக்கு அணைந்து எரிந்தது. உள்ளே இழைகள் அறுந்திருந்தன.

அங்கே நடந்ததை ஓமின் கணக்கு சொல்கிறது. ஒரு பழுதான இணைப்பில் அரை ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 3.25 ஆம்பியர் பாயும்போது அங்கேயே சுமார் 1.6 வோல்ட் இழப்பாகிறது. ஏறத்தாழ 5 வாட் ஆற்றல் விரல் நுனி அளவு இடத்தில் வெப்பமாகிறது. கழுத்து சுட்டதற்குக் காரணம் அதுதான். தடை இன்னும் கூடினால் கணினிக்குப் போதிய மின்சாரம் போய்ச் சேராது.

உண்மையிலேயே மின்கலம் கெட்டால் அறிகுறி வேறு. ஓம் சொன்ன இரண்டாவது பங்கு, அதாவது மூலத்துக்குள் ஒளிந்த தடை, மின்கலம் முதுமை அடைய அடையக் கூடுகிறது. 30 விழுக்காடு காட்டும் கணினி, கனமான வேலை கொடுத்ததும் திடீரென அணைவது இதனால் நேரலாம்.

ஆகவே உங்கள் கணினி சரியாக சார்ஜ் ஆகிறதா என்ற ஐயம் வந்தால், ஓம் செய்ததைச் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் சுவரில் உள்ள செருகி. அடுத்து, நன்றாக வேலை செய்யும் சார்ஜர். அதன் வோல்ட் உங்கள் கணினி கேட்பதாகவும், வாட் அதற்குக் குறையாததாகவும் இருக்கட்டும். கைப்பேசியின் சிறிய சார்ஜரைச் செருகிவிட்டுக் கணினியைக் குறை சொல்லாதீர்கள். பிறகு மின்கலத்தைப் பாருங்கள். விண்டோஸ் கணினியில் மின்கல அறிக்கை எடுக்கலாம். புதிதில் இருந்த கொள்ளளவும் இப்போது நிரம்பும் கொள்ளளவும் அதில் இருக்கும். இரண்டுக்கும் இடைவெளி பெரிதானால் மின்கலம் தளர்ந்துவிட்டது. 80 விழுக்காட்டில் நின்றுவிட்டால் பதற வேண்டாம். மின்கல ஆயுளைக் காக்கப் பல கணினிகளில் அப்படியோர் அமைப்பு உண்டு. மின்கலம் உப்பியிருந்தாலோ, சார்ஜர் கருகிய வாடை அடித்தாலோ சோதனையை அங்கேயே நிறுத்தி, பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். சார்ஜரை நீங்களே திறக்காதீர்கள்.

நான் புது மின்கலம் வாங்கவில்லை. புது சார்ஜர் வாங்கினேன். அதன் முதுகிலும் வோல்ட்டா, ஆம்பியர், வாட் மூவரும் இருக்கிறார்கள். அதைச் செருகும்போதெல்லாம், கொலோன் நகரப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் எட்டுக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக்கொண்டிருந்த அந்த ஆசிரியரின் நினைவு எனக்கு வருகிறது.