எம்டனை ஓட்டிய மனுஷன்

கெட்டிக்காரனா, கொஞ்சம் பயமுறுத்துற ஆளா ஒருத்தர் இருந்தா, நம்ம வீட்டுப் பெரியவங்க அவரை எம்டன்னு சொல்வாங்க. 2006-ல் வந்த 'எம் மகன்' படத்துக்கு முதலில் வைத்த பெயரே 'எம்டன் மகன்'தான். சொல் ஒரு ஜெர்மன் போர்க்கப்பலிலிருந்து வந்தது, அது பலருக்குத் தெரியும். அதை ஓட்டிய கேப்டன் கார்ல் ஃபான் முல்லரைப் பற்றித்தான் யாரும் பேசுறதில்லை.

1873 ஜூன் 16-ல் ஹனோவரில் பிறந்தவர். அப்பா ராணுவ அதிகாரி. பையனும் ராணுவப் பள்ளியில் சேர்ந்து, பிறகு கடற்படைக்கு மாறினார். கிழக்கு ஆப்பிரிக்கக் கடலில் வேலை பார்த்தபோது மலேரியா பிடித்தது. அது கடைசிவரை விடவில்லை. அதிகம் பேசமாட்டார், கூச்ச சுபாவம். 1913-ல் சீனக் கரையில் இருந்த சிங்டாவ் துறைமுகத்தில் எம்டன் அவர் கைக்கு வந்தது.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு தகவல்: பிஸ்டன் நீராவி எஞ்சின் வைத்துக் கட்டிய கடைசி ஜெர்மன் லைட் குரூசர் இதுதான். அதற்குப் பிறகு எல்லாம் டர்பைன். பெரிய கப்பலும் இல்லை, 10.5 செ.மீ. பீரங்கிகள் பத்துதான்.

1914 ஆகஸ்டில் போர் வந்தது. இந்தியப் பெருங்கடலுக்குத் தனியாகப் போகிறேன் என்று அட்மிரல் ஸ்பேயிடம் முல்லர் அனுமதி வாங்கினார். நட்புத் துறைமுகம் ஒன்றுகூட இல்லாத கடல் அது. நிலக்கரிக்கு என்ன வழி? பிடிக்கிற கப்பலில் இருப்பதையே எடுத்துக்கொள்வதுதான். மூன்று புகைபோக்கி உள்ள கப்பலுக்கு நாலாவதாக ஒரு போலிப் புகைபோக்கி வைத்து, பிரிட்டிஷ் கப்பல் மாதிரி காட்டினார். இருபதுக்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்களைப் பிடித்தார். மூழ்கடிக்கும் முன்னால் ஆட்களைப் பத்திரமாக இறக்கிவிடுவார். எதிரி நாட்டுப் பத்திரிகைகளே அவரை மெச்சின.

செப்டம்பர் 22 இரவு, ஒன்பதரை மணிவாக்கில் சென்னை. மாமல்லபுரத்திலிருந்து ஈசிஆரில் வண்டியை விட்டால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும் ஊர்தானே! போர் நடக்குது, ஆனா ஊர் விளக்கை அணைக்கவே இல்லை. ஹைகோர்ட்டு உச்சியில் இருந்த கலங்கரை விளக்கமும் எரிந்துகொண்டிருந்தது. மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் எம்டன் நின்று, தேடுவிளக்கைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் டாங்குகளைச் சுட்டது. அரை மணிக்குள் சுமார் 130 குண்டுகள். எண்ணெய் பற்றி எரிந்தது. ஒரு குண்டு ஹைகோர்ட்டு மதிலில் விழுந்தது, அங்கே இன்றும் கல்வெட்டு இருக்கு. பிரிட்டிஷ்காரனை யாராலும் தொட முடியாது என்கிற எண்ணத்தை உடைப்பதுதான் முல்லரின் நோக்கம். அது பலித்தது. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு ஓடினாங்க. ஆனால் குறைந்தது ஐந்து பேர் செத்தாங்க. அவரை ஜென்டில்மேன் என்று கொண்டாடும் கதைகளில் இந்த ஐந்து பேர் பெரும்பாலும் வருவதே இல்லை. எனக்கு அதுதான் உறுத்துது.

(கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்று ஒரு கதை நம்ம ஊரில் ஓடுது. கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆதாரம் கிடையாது.)

சுட்டு முடித்து எம்டன் தெற்கே, நம்ம கடலைத் தாண்டி இலங்கைப் பக்கம் போனது. அக்டோபர் 28-ல் பினாங்கில் ஒரு ரஷ்ய குரூசரையும் ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பலையும் மூழ்கடித்தது. பிரெஞ்சுக் கப்பலில் தப்பிய மாலுமிகளைத் தண்ணீரிலிருந்து தூக்கியதும் முல்லரின் ஆட்கள்தான்.

நவம்பர் 9, கோகோஸ் தீவு. அங்கிருந்த தந்தி நிலையத்தை உடைக்க ஐம்பது பேரைக் கரையில் இறக்கினார். அதற்குள் ஆபரேட்டர் உதவி கேட்டுச் செய்தி அனுப்பிவிட்டார். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி வந்து சேர்ந்தது. அதன் பீரங்கி ஆறு அங்குலம், இவருடையது நாலு சொச்சம். கொஞ்ச நேரத்தில் கணக்கு தெளிவாகிவிட்டது. மூழ்கவிடாமல் கப்பலைப் பவளப்பாறையில் ஏற்றினார். அவர் ஆட்களில் 130 பேருக்கு மேல் செத்தார்கள். சிட்னியில் நாலு பேர்.

அப்புறம் சிறை. முதலில் மால்டா, பிறகு இங்கிலாந்து. 1917-ல் சுரங்கம் தோண்டி 21 பேரோடு தப்பினார், மாட்டிக்கொண்டார். மலேரியா முற்றியதால் 1918-ல் நெதர்லாந்துக்கு அனுப்பினார்கள், அக்டோபரில் ஊர் திரும்பினார். பெரிய விருது, பதவி உயர்வு எல்லாம் வந்தது. எம்டன் கதையைப் புத்தகமா எழுதச் சொன்னாங்க. செத்துப்போன தன் ஆட்களின் ரத்தத்தில் காசு பார்க்க மனசு வரவில்லை என்று மறுத்துவிட்டார். உடம்பு முடியாமல் 1919-ல் ஓய்வு பெற்று, பிளாங்கன்பர்க் என்ற சின்ன ஊரில் குடியேறினார். அடுத்த வருஷம் கல்யாணம், இரண்டு பெண் குழந்தைகள். மாகாண சட்டசபைக்கும் தேர்வானார்.

1923 மார்ச் 11-ல் திடீரென்று இறந்துபோனார். ஐம்பது வயது நிறைய இன்னும் மூன்று மாதம் இருந்தது.