70 தடவை போட்ட கணக்கு

ஒரு கணக்கை எத்தனை தடவை போடலாம்?

விடை சரிதானா என்று பார்க்க, இரண்டாவது தடவை போடுவோம். மூன்றாவது தடவை என்றால் எரிச்சல் வந்துவிடும். ஒரே கணக்கை 70 தடவை போட்ட ஒரு மனிதர் இருந்தார்!

அவர் பெயர் ஜோகன்னஸ் கெப்ளர். ஜெர்மனி நாட்டு வான சாஸ்திரி.

இன்று எம்.எஸ்ஸி. வகுப்பில், கம்ப்யூட்டரைக் கொண்டு பௌதிகக் கணக்குப் போடும் படிப்பு இருக்கிறது. அதில் மாணவர்கள் போட்டுப் பழகும் கணக்குகளில் ஒன்றுக்குக் கெப்ளர் சமன்பாடு என்று பெயர். நேராக விடை வராத கணக்கு அது. உத்தேசமாக ஒரு விடையை வைத்துக்கொள்ள வேண்டும். போட்டுப் பார்க்க வேண்டும். எவ்வளவு தவறுகிறது என்று கண்டு, உத்தேசத்தைத் திருத்தி, மறுபடியும் போட வேண்டும்.

கம்ப்யூட்டர் இதைக் கண் சிமிட்டும் நேரத்தில் முடித்துவிடும். கெப்ளருக்கோ கைதான் கம்ப்யூட்டர். அந்தக் கையும் நல்ல கை அல்ல.

அம்மை போட்ட சிறுவன்

கெப்ளர் 1571-ம் வருஷம் டிசம்பர் 27-ந் தேதி பிறந்தார். ஊர், வைல் டெர் ஷ்டாட். தகப்பனார் கூலிக்குப் போர் செய்யும் சிப்பாய். ஒரு நாள் வீட்டை விட்டுப் போனவர், திரும்பி வரவே இல்லை.

சிறு வயதில் கெப்ளருக்குப் பெரியம்மை போட்டது. உயிர் பிழைத்தார். ஆனால் கண் பார்வை மங்கியது, கைகளும் பலவீனமாயின.

1577-ல் வானில் ஒரு வால் நட்சத்திரம் தோன்றியது. தாயார் கத்தரினா, மகனை மேட்டுக்கு அழைத்துப் போய் அதைக் காட்டினார். அந்தத் தாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் கதை பின்னால் வருகிறது.

ஏழைப் பையன், அரசாங்க உதவிப் பணத்தில் படித்தான். டியூபிங்கன் சர்வகலாசாலையில் சேர்ந்து, 1591-ல் எம்.ஏ. பட்டம் பெற்றான். ஆசைப்பட்டதோ பாதிரியார் வேலைக்கு. ஆனால் அங்கே மேஸ்ட்லின் என்ற கணித ஆசிரியர் இருந்தார். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கோபர்னிகஸின் கருத்தை அவரிடம் கற்றார் கெப்ளர். அதோடு மனம் வானத்துக்குப் போய்விட்டது.

1594-ல் கிராட்ஸ் நகரில் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. முதல் வருஷம் அவர் வகுப்புக்கு வந்தவர்கள் சிலர்தான். அடுத்த வருஷம் ஒருவரும் வரவில்லை! பெரிய மேதை நல்ல வாத்தியாராக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை போலும்.

எட்டு நாள் வேலை

மதச் சண்டையால் 1600-ல் அந்த ஊரை விட்டுத் துரத்தப்பட்டார். பிராக் நகருக்கு வந்து டைக்கோ பிராகேயிடம் சேர்ந்தார்.

டைக்கோ டென்மார்க் பிரபு. வாள் சண்டையில் மூக்கை இழந்து, உலோக மூக்கு வைத்துக்கொண்டவர். டெலஸ்கோப் இல்லாத அந்தக் காலத்தில், வெறும் கண்ணால் பார்த்தே கிரகங்களின் இடத்தை அவரைப்போல் துல்லியமாகக் குறித்தவர் வேறு எவரும் இல்லை.

செவ்வாய் கிரகத்தின் பாதையைக் கண்டுபிடிக்கும் வேலை கெப்ளரிடம் வந்தது. எட்டு நாளில் முடிப்பதாகப் பந்தயம் கட்டினார்! ஆனது ஐந்து வருஷத்துக்கு மேல். 1601-ல் டைக்கோ இறந்தார். குறிப்புகள் கெப்ளர் கைக்கு வந்தன.

கிரகங்கள் வட்டமாகச் சுற்றுகின்றன என்றே அக்காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். கெப்ளரும் வட்டத்தையே வைத்துக் கணக்குப் போட்டார். உத்தேசித்தார், போட்டார், திருத்தினார். இப்படி 70 தடவை. கடைசியில் கணக்கு டைக்கோவின் குறிப்புகளோடு அழகாகப் பொருந்தியது.

வேறு ஒருவராக இருந்தால் பேனாவைக் கீழே வைத்திருப்பார். கெப்ளர் இன்னொரு விதமாகச் சோதித்துப் பார்த்தார். 8 கலை தவறியது.

ஒரு பாகையில் 60 கலைகள். முழு நிலாவின் அகலம் சுமார் 30 கலை. அதில் கால் பங்குதான் இந்தப் பிழை. பழைய சாஸ்திரிகள் 10 கலை வரை தவறினாலும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் டைக்கோவின் கண் 8 கலை தவறாது என்று கெப்ளருக்குத் தெரியும். ஆகவே, தவறியது தம்முடைய வட்டம்தான்! வருஷக்கணக்கில் உழைத்ததைத் தாமே தள்ளிவிட்டார்.

மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். முட்டை வடிவத்தை வைத்துப் பார்த்தார். அதுவும் சரிவரவில்லை. 1605-ல் விடை கிடைத்தது: செவ்வாயின் பாதை வட்டம் அல்ல, நீள்வட்டம். 1609-ல் இது புத்தகமாக வந்தது.

தாய்க்கு விலங்கு

பின்னர் துயரங்கள் வரிசையாக வந்தன. 1611-ல் மகனும் மனைவியும் இறந்தார்கள். 1615-ல், கெப்ளரின் தாயைச் சூனியக்காரி என்று அக்கம்பக்கத்தார் குற்றம் சாட்டினார்கள். 1620-ல் கைது செய்தார்கள். 70 வயது தாண்டிய கிழவிக்குச் சங்கிலி!

சூனியக்காரி என்று தீர்ப்பானால் மரணம்தான். கெப்ளர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு ஓடினார். எதிர்வாதத்தைத் தயாரிப்பதில் தாமே முன்நின்றார். சித்திரவதைக் கருவிகளைக் காட்டி மிரட்டியும் தாய் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. 14 மாதச் சிறைக்குப் பின், 1621-ல் விடுதலையானார். அடுத்த வருஷமே இறந்தார்.

எரிந்துபோன இயந்திரம்

பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் லாகரிதம் என்ற முறையை 1614-ல் நேப்பியர் வெளியிட்டிருந்தார். கெப்ளர் அதை ஆவலோடு எடுத்துக்கொண்டார். பழைய ஆசிரியர் மேஸ்ட்லினுக்கு இது பிடிக்கவில்லை. கணக்குச் சுருங்கியதற்காக ஒரு கணித மேதை குழந்தைபோல் குதிப்பதா என்பது அவர் எண்ணம். கையொடியக் கணக்குப் போட்டவருக்கல்லவா அந்த அருமை தெரியும்!

டியூபிங்கன் பேராசிரியர் ஷிக்கார்ட், 1623-ல் கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். கெப்ளருக்கும் ஒன்று செய்யத் தொடங்கினார். அது முடிவதற்குள் தீயில் எரிந்துபோயிற்று. கெப்ளர் கையாலேயே கணக்கைத் தொடர்ந்தார்.

கிரகங்கள் எந்த நாளில் எங்கே இருக்கும் என்று சொல்லும் அட்டவணைப் புத்தகம், 1627-ல் ஊல்ம் நகரில் அச்சாயிற்று. 1,000 பிரதிகள். அந்த அட்டவணையைக் கொண்டு, 1631 நவம்பர் 7-ந் தேதி புதன் கிரகம் சூரியனுக்குக் குறுக்கே செல்லும் என்று அவர் முன்கூட்டியே அறிவித்தார்.

அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. தமக்கு வரவேண்டிய சம்பள பாக்கியைக் கேட்க, குதிரை ஏறி ரேகன்ஸ்பர்க் நகருக்குப் போனார். அங்கே காய்ச்சல் கண்டு, 1630 நவம்பர் 15-ந் தேதி இறந்தார். பின்னால் வந்த போரில் அவர் கல்லறையும் அழிந்துவிட்டது.

அவர் குறித்த நாளில், பாரிஸ் நகரில் கசாண்டி என்பவர் இருட்டறைக்குள் சூரிய பிம்பத்தை விழச் செய்து காத்திருந்தார். கரும்புள்ளி ஒன்று தெரிந்தது. மிகவும் சிறியதாக இருந்ததால், அது சூரியனிலேயே உள்ள புள்ளி என்று முதலில் நினைத்தார்.

ஆனால் அந்தப் புள்ளி வேகமாக நகர்ந்துகொண்டிருந்தது.